ஷாத்தோ கையார் முற்றுகை: 1:500 அளவில் ஒரு கோட்டையும் ஓர் ஆறும்

கோட்டை மாடல் செய்கிறவர்கள் பெரும்பாலும் நடுக்கோபுரத்தில்தான் கை வைப்பார்கள். கண்ணைப் பறிப்பது அதுதான், செய்யவும் ஆசையாக இருக்கும். இந்த முறை நான் ஆற்றில் தொடங்கினேன். பிரான்ஸில், நார்மண்டிப் பகுதியின் லெஸாந்த்லி ஊருக்கு மேலே, சேன் ஆற்றின் வலது கரையில் நிற்கிறது ஷாத்தோ கையார். பிரெஞ்சு அரசர் இரண்டாம் பிலிப் 1203 ஆகஸ்டில் தொடங்கி 1204 மார்ச்சில் முடித்த அதன் முற்றுகையைப் பற்றிப் படிக்கப் படிக்க, சண்டையின் போக்கு மலை உச்சியில் அல்ல, தண்ணீர்மட்டத்தில்தான் தீர்மானமானது என்ற எண்ணம் எனக்கு உறுதிப்பட்டுக்கொண்டே வந்தது. அதைக் கண்ணால் பார்க்கும்படி செய்ய வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் நோக்கம்.

கோட்டை ஏன் அங்கே வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் பலகையில் எதை எங்கே வைப்பது என்றே முடிவு செய்ய முடியாது. நார்மண்டிப் பிரபுக்களான இங்கிலாந்து அரசர்களுக்கும் பாரிஸில் இருந்த பிரெஞ்சு அரசர்களுக்கும் நடுவே கிடந்த எல்லைப் பகுதி வெக்ஸான். எப்த் என்ற சிற்றாறு அதை இரண்டாக வெட்டிக்கொண்டு வந்து சேனில் கலக்கிறது. சிங்கநெஞ்சன் என்று பெயர் பெற்ற இங்கிலாந்து அரசர் ரிச்சர்ட் ஜெர்மனியில் சிறைப்பட்டிருந்தபோது, 1193-ல், எப்த் கரையிலிருந்த ஷிசோர் கோட்டையைப் பிரெஞ்சு அரசர் இரண்டாம் பிலிப் கைப்பற்றினார். 1196 ஜனவரி ஒப்பந்தத்தில் சேன் ஆற்றின் மறுகரையில் இருந்த கையோனும் பிலிப்புக்குப் போனது. பாரிஸிலிருந்து ஆற்றோடு வந்தால் நார்மண்டியின் தலைநகரான ருவானுக்கு வழி திறந்துவிட்டது. அந்த வழியை அடைக்க ரிச்சர்டுக்குக் கிடைத்த இடம் இந்தச் சுண்ணாம்புக்கல் குன்று. ருவான் இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர்.

நிலம் அவருடையது அல்ல, ருவான் பேராயர் வால்டருடையது. அங்கே கோட்டை கட்டக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. ரிச்சர்ட் இரண்டையும் பொருட்படுத்தவில்லை. பேராயர் நார்மண்டி முழுவதும் தேவாலய வழிபாட்டை நிறுத்திவைத்தார். விவகாரம் போப்பிடம் போய், கடைசியில் தியெப் துறைமுகம் உள்ளிட்ட சொத்துகளைப் பேராயருக்கு ஈடாகக் கொடுத்து முடித்தார்கள். 1196 முதல் 1198 வரை, இரண்டே ஆண்டில், ஏறக்குறைய 12,000 பவுண்டு செலவில் எல்லாம் எழுந்துவிட்டது. அந்தக் காலத்தில் இந்த அளவுக் கோட்டை என்றால் பத்தாண்டு வேலை. இங்கிலாந்தின் டோவர் கோட்டைக்கே அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் 7,000 பவுண்டு அளவில்தான் செலவானது.

அந்த 12,000 பவுண்டும் குன்றின் மேல் மட்டும் போகவில்லை. ஆற்றின் நடுத்தீவில் எண்கோண வடிவில் ஒரு சிறு கோட்டை. குன்றின் அடிவாரத்தில் மதில் சூழ்ந்த புதிய ஊர், பெத்தி ஆந்த்லி. தீவையும் கரையையும் இணைக்கும் பாலம். படகுகள் போகாதபடி ஆற்றின் குறுக்கே அடித்து இறக்கிய மரக்கம்பத் தடுப்பு. கரைகளிலும், ஆற்றின் மேல்பக்கமான பாரிஸ் திசையிலும் காவல் அரண்கள். இவை எல்லாம் சேர்ந்ததுதான் ரிச்சர்ட் கட்டிய பூட்டு. குன்றின் மேலிருப்பதை மட்டும் செய்து மேசையில் வைத்தால் அது அழகான ஒரு கல்கட்டடம், அவ்வளவுதான். ஏன் கட்டினார்கள், ஏன் விழுந்தது என்ற இரண்டு கேள்விக்கும் அதில் பதில் இருக்காது.

அளவைத் தேர்ந்தெடுத்ததும் இந்தக் கணக்கில்தான். 1:300 என்றால் கோட்டை கம்பீரமாக வரும், ஆறு பலகைக்கு வெளியே போய்விடும். 1:500-ல் சுமார் 200 மீட்டர் நீளமுள்ள கோட்டை 40 செ.மீ. ஆகிறது. ஆற்றுக்கு மேல் சுமார் 90 மீட்டர் எழும் குன்று 18 செ.மீ. உயரம். 4 அடிக்கு 3 அடி பலகையில் ஆறு, தீவு, ஊர், குன்று, பின்னால் இருக்கும் மேட்டுநிலம் எல்லாம் உட்கார்ந்துவிடுகின்றன. மனிதர் 3.4 மி.மீ. முகம் கை கால் எதுவும் வராது, ஒரு நிமிர்ந்த துணுக்கு மட்டும்தான். அதற்கு மனத்தைத் தயார்ப்படுத்திக்கொண்டு இறங்கினேன்.

அடுத்த முடிவு காலம். எந்த நாளைக் காட்டுவது? தீவைத் தாக்கியது 1203 ஆகஸ்டில். உச்சக்கட்டத் தாக்குதல் 1204 பிப்ரவரி, மார்ச்சில். இரண்டையும் ஒரே பலகையில் கலந்தால் பொய் ஆகிவிடும். பிலிப் திரும்பி வந்த பிப்ரவரியை எடுத்துக்கொண்டேன். ஆகஸ்டின் சேதங்கள் ஆற்றில் தெரியும், மார்ச்சில் விழப்போகும் சுவர்கள் இன்னும் நிற்கும். பிறகு வருவதைக் காட்ட, மூன்று இடங்களில் கழற்றி மாற்றும் துண்டுகள். அவற்றைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

அடித்தளம் 12 மி.மீ. பிளைவுட், கீழே குறுக்குச் சட்டம். ஆறு வரும் பகுதியில் பிளைவுட்டுக்கு நேராக இரண்டு கை புட்டி, உப்புத்தாள் போட்டு இழைத்து, அதன்மேல் அக்ரிலிக் பெயிண்ட். சேனுக்கு நீலம் அடிக்கக் கூடாது. குளிர்கால ஆறு, மேட்டுநிலச் சேற்றைக் கொண்டுவருவது. நடுவில் கரும்பச்சையும் பழுப்பும் கலந்த நிறம், கரையோரம் வெளிறிய சாம்பல் பச்சை. தண்ணீருக்காக ரெசின் (ஊற்றியபின் கண்ணாடிபோல இறுகும் எபாக்சி திரவம்) ஊற்றுவதற்கு முன்பே தடுப்பின் அடிக்கட்டைகளை நட வேண்டும். ஈர்க்குச்சியைச் சீவி, 2 செ.மீ. துண்டாக்கி, துளையிட்டு நட்டேன். ஆறாக ஊற்றும் ரெசின் 4 மி.மீ. கனம்தான், மீதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வரிசையாக நட்டபின் நடுப்பகுதிக் கம்பங்களை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒழுங்கில்லாமல் நறுக்கிவிட்டேன். ஆகஸ்டில் பிலிப்பின் ஆட்கள் நீந்திப் போய்த் தடுப்பை வெட்டித் திறந்த இடம் அது. அம்புகளும் கற்களும் மேலே இருந்து விழும்போது, நீரில் நின்று கோடரி வீசியிருக்கிறார்கள். அவர்கள் திறந்த இடைவெளி வழியே படகுகள் வந்தன, படகுகளை இணைத்துப் பாலம் ஆனது, பாலத்தின் மேல் மரக் கோபுரங்கள் எழுந்தன. பிலிப்பின் படை இரண்டு கரையிலும் ஒரே படையாக இயங்க முடிந்தது அந்தப் பாலத்தால்தான்.

ரெசின் பற்றி இரண்டு வார்த்தை. மழைக்காலத்தில் ஊற்றாதீர்கள். ஈரக்காற்றில் எபாக்சி மேற்பரப்பில் பால்போல ஒரு படலம் வரும், சோப்புத் தண்ணீரால் கழுவினாலும் பளபளப்பு முழுதாகத் திரும்பாது. ஒரே தடவையில் கனமாக ஊற்றினால் சூடேறும், பக்கத்தில் தெர்மாகோலோ எக்ஸ்பிஎஸ் போர்டோ (கெட்டியான ஃபோம் பலகை) இருந்தால் உருகி உள்வாங்கிவிடும். 2 மி.மீ. அளவில் ஊற்றி, இறுக விட்டு, அடுத்தது. குமிழிகளை ஹேர் டிரையரைத் தூரத்தில் பிடித்து எடுக்கலாம். பலகை ஓரத்தில் ஓஎச்பி ஷீட்டை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) சிலிக்கான் வைத்து ஒட்டி அணை கட்டினால் கசியாது, பிறகு சுத்தமாக உரிந்து வரும்.

அலைகளுக்குத் தெளிவான சிலிக்கான் பசையை விரலால் தட்டித் தட்டிப் பரப்பினேன். திசை முக்கியம். நீர் பாரிஸ் பக்கத்திலிருந்து ருவான் பக்கம் ஓடுகிறது. ஒவ்வொரு கம்பத்துக்கும் தீவின் முனைக்கும் பின்னால் வால்போல நீளும் சுழிப்பு ருவான் பக்கம்தான் இருக்க வேண்டும். இது வெறும் அழகு வேலை இல்லை. முற்றுகை தொடங்கிய சில நாட்களிலேயே ஜான் அரசர் (ரிச்சர்டின் தம்பி, 1199-ல் அண்ணன் இறந்தபின் பட்டத்துக்கு வந்தவர்) ஒரு மீட்பு முயற்சி செய்தார். வில்லியம் மார்ஷல் தலைமையில் தரைப்படை இரவில் கரையோரமாக வந்து பிலிப்பின் முகாமைத் தாக்க வேண்டும். அதே நேரத்தில் உணவு ஏற்றிய படகுகள் ஆற்றில் வந்து பாலத்தை உடைக்க வேண்டும். படகுகள் ருவான் பக்கத்திலிருந்து வந்தன, அதாவது நீரோட்டத்துக்கு எதிராக. துடுப்புப் போட்டு மேலேறுவதற்குள் நேரம் கடந்துவிட்டது. தரைப்படை தனியாகச் சண்டை போட்டு, முதலில் எதிரியைப் பாலம் வரை துரத்தி, பிறகு தோற்றது. படகுகள் வந்து சேர்ந்தபோது பிலிப்பின் ஆட்கள் முழுவதும் விழித்து, பாலத்தின் மேல் தயாராக நின்றார்கள். அதன்பின் கோட்டையை மீட்க ஜானிடமிருந்து சொல்லும்படியாக எதுவும் வரவில்லை. டிசம்பரில் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார். பலகையின் முன் நின்று அந்தச் சுழிப்புகளைப் பார்க்கிறவர் படகுகள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தன என்று கேட்டால் போதும், மீதியை நீரே சொல்லும்.

தீவுக் கோட்டையைக் கரிபடிந்ததாகச் செய்தேன். மாந்த் ஊரைச் சேர்ந்த கோபேர் என்ற நீச்சல்காரர், காற்றுப் புகாமல் மூடிய கலங்களில் நெருப்பைக் கொண்டுபோய்த் தீவின் மரத்தடுப்புக்குத் தீ வைத்ததாகப் பிலிப்பின் சிற்றாலயக் குரு கியோம் லெ பிரெத்தோன் எழுதுகிறார். முற்றுகையை நேரில் பார்த்தவர் அவர். நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி அவர் எழுதியதுதான். தீவு விழுந்ததும் பெத்தி ஆந்த்லி ஊர்மக்கள் வீடுவாசலை விட்டுக் குன்றேறிக் கோட்டைக்குள் ஓடினார்கள். 1,400 முதல் 2,200 பேர் வரை என்று கணக்கிடுகிறார்கள். ஊரின் வீடுகளை நான் காலியாக, கதவு திறந்த கறுப்புப் புள்ளிகளோடு வைத்தேன். பிறகு பிலிப்பின் படை அங்கே குடியேறியது. அதனால் சில கூரைகளில் மட்டும் புகைக்குப் பஞ்சு.

இனி குன்று. 10 மி.மீ. எக்ஸ்பிஎஸ் போர்டு ஒவ்வொன்றும் நிஜத்தில் 5 மீட்டர் உயரம். பதினெட்டு அடுக்கு. நிலப்படத்தின் உயரக்கோடுகளை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் தனித்தாள் வெட்டி, சூடேறும் நைக்ரோம் கம்பி கட்டரில் அறுத்தேன். ஒட்டுவதற்கு வெள்ளை ஃபெவிகால் மட்டும். ரப்பர் சொல்யூஷன் வகைப் பசைகளும் ஸ்பிரே பெயிண்டும் போர்டை அரித்துவிடும். இரண்டு ஃபோம் பலகைகளுக்கு நடுவில் காற்று போகாததால் ஃபெவிகால் உள்ளே காயவே காயாது. ஆகவே முழுப்பரப்பிலும் பூசாமல் ஓரத்தில் மட்டும் பூசி, பல்குச்சியால் குத்தி இறுக்க வேண்டும்.

குன்றின் வடிவம்தான் கோட்டையின் பலமும் பலவீனமும். ஆற்றுப்பக்கம் செங்குத்து. வடக்கிலும் பள்ளம். தென்கிழக்கில் மட்டும் ஒரு குறுகிய கழுத்து, அது பின்னால் இருக்கும் மேட்டுநிலத்தோடு சேர்கிறது. மேட்டுநிலம் கோட்டையைவிட உயரம். தாக்குகிறவனுக்கு ஒரே வழி அது. ரிச்சர்ட் அந்த வழியில்தான் தன் முழுப் பலத்தையும் கொட்டினார். முதலில் முக்கோணமாக ஒரு வெளிக்கோட்டை, அதன் கூர்முனையில் பெரிய கோபுரம் எதிரியைப் பார்த்தபடி. பிறகு பாறையில் வெட்டிய அகழி. அடுத்து நடுக்கோட்டை. மீண்டும் அகழி. அதற்குள் உட்கோட்டை, அதன் ஓரத்தில் நடுக்கோபுரம். அடுக்கி முடித்துவிட்டுத் தென்கிழக்கிலிருந்து கண்ணைப் பலகை மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மூச்சு நின்றது. மூன்று தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றும் அடுத்ததை மறைத்துக்கொண்டு வருகின்றன. படத்தில் இது தெரியாது.

அகழிகளுக்குச் செங்குத்தான, பளிச்சென்ற வெள்ளை. சுண்ணாம்புப் பாறையைப் புதிதாக வெட்டிய நிறம். கோட்டைச் சுவருக்கும் இதே விதி. பலர் இந்தக் கோட்டைக்குப் பாசி, கறை, இடிந்த விளிம்பு எல்லாம் பூசுகிறார்கள். இன்று நாம் பார்க்கும் சிதைவு 1599-ல் நான்காம் ஹென்றி அரசர் இடிக்க ஆணையிட்டதற்குப் பிறகு வந்தது. 1204-ல் அதன் வயது ஆறு. வெள்ளையோடு ஒரு துளி மஞ்சள்காவி, அவ்வளவே. 1:500-ல் கல்வரிசை கீறுவதும் வீண்வேலை. ஒரு கல் அரை மி.மீ.தான் வரும். சுவர்ப்பலகையை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, இரண்டு வெள்ளைகளை ஸ்பாஞ்சால் ஒற்றினாலே கல்சுவர் போலத் தெரிகிறது.

உட்கோட்டை மதில்தான் இந்த வேலையில் நான் அதிக நேரம் குனிந்திருந்த இடம். வெளிமுகம் நேராக இல்லை. தொட்டடுத்த அரைவட்டப் புடைப்புகள், இடைவெளி மிகக் குறைவு. கவண்கல் எங்கே பட்டாலும் வளைந்த பரப்பில் படும், சுவரடியில் நிற்கும் எதிரிக்கு மறைவிடம் கிடைக்காது. உருண்டை மரக்குச்சிகளை நெடுக்கில் பிளந்து, பிளந்த பக்கம் உள்ளே வைத்து, அட்டையில் வரைந்த வளைகோட்டின்மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினேன். இடைவெளிகளில் புட்டியை ஈரத் தூரிகையால் இழுத்து நிரப்பினால் ஒரே சுவராகிவிடும்.

நடுக்கோபுரம் உள்ளே சுமார் 8 மீட்டர் விட்டம், சுவர் 4 மீட்டருக்கு மேல் கனம். அளவில் 16 மி.மீ. துளையும் 8 மி.மீ. சுவரும், மொத்தம் 32 மி.மீ. அதே வெளிவிட்டத்தில் பிவிசி குழாய் கிடைக்கிறது. ஒரு துண்டை நிறுத்தி, நடுவில் எண்ணெய் தடவிய 10 மி.லி. சிரிஞ்சை நட்டு, சுற்றிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றினேன். பாதி இறுகியதும் சிரிஞ்சை முறுக்கி உருவினால் சுத்தமான துளை. தாக்குதல் வரும் திசையில் கோபுரத்துக்குக் கப்பலின் முன்முனை போல ஒரு கூர்மை இருக்கிறது, அதை எம்-சீலில் வைத்துச் செதுக்கினேன். மேலே போகப் போக அகலமாகும் தலைகீழ் முக்கோணத் தாங்கிகள் சுவரோடு ஒட்டி நிற்கின்றன. அவற்றின் மேல் நீட்டிய தளத்தின் துளைகள் வழியாக அடியில் நிற்பவன் தலையில் கல் போடலாம். கல்லில் கட்டிய இத்தகைய அமைப்பில் ஐரோப்பாவின் மிகப் பழையவற்றில் ஒன்று இது. உச்சித்தளம் இன்று இல்லை. ஆகவே தாங்கிகளைத் துல்லியமாகச் செய்து, மேலே அலங்காரம் எதுவும் சேர்க்காமல் எளிய கைப்பிடிச்சுவரோடு நிறுத்திக்கொண்டேன்.

கோட்டை முடிந்தது என்று பலர் இங்கே நிறுத்துவார்கள். எனக்கு மீதி பாதி வேலை அங்கேதான் தொடங்கியது. செப்டம்பரில் ராதபோன் கோட்டையைப் பிடித்துவிட்டுத் திரும்பிய பிலிப், இங்கே உடனே மோதவில்லை. குன்றைச் சுற்றி இரட்டை அகழி தோண்டி, ஏழு மரக் கோபுரங்களை நிறுத்தி, ஆட்களுக்குக் குடிசைகள் போட்டுக் குளிர்காலம் முழுக்கப் படையை அங்கேயே உட்காரவைத்தார். அகழிகளைச் சூடான கத்தியால் கீறி, விளிம்பில் தோண்டிய மண்ணுக்குக் காப்பித்தூள் கலந்த புட்டி. கோபுரங்கள் ஊதுபத்திக் குச்சிகளில். குடிசைக் கூரைக்குத் தேங்காய் நார். மரங்களுக்குக் காய்ந்த துளசிக் கிளைகளை நுனியோடு ஒடித்து நட்டேன். இலையுதிர்ந்த மரத்துக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குக் கிடைக்கவில்லை. மேட்டுநிலத்தில் மட்டும் மரம் வைக்காமல் அடிக்கட்டைகளாக விட்டேன். இத்தனை கோபுரத்துக்கும் பாலத்துக்கும் விறகுக்கும் மரம் பக்கத்திலிருந்துதான் வெட்டியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

முற்றுகை அகழிக்கும் கோட்டைச் சுவருக்கும் நடுவே ஒரு சரிவு மிஞ்சுகிறது. மாடல்களில் அதற்குப் பச்சைத்தூள் தூவிவிட்டுப் போவார்கள். இந்தப் பலகையில் அதை வெறுமையாக விட முடியாது.

கோட்டைத் தலைவர் ரோஜர் டி லேசி உணவுக் கையிருப்பைக் கணக்கிட்டார். சண்டை போடுகிற ஆட்களோடு ஊர்மக்களும் சாப்பிட்டால் தாங்காது என்று அவர்களை வெளியே அனுப்பத் தொடங்கினார். முதலில் ஐந்நூறு பேர், பிறகு இன்னொரு ஐந்நூறு. முற்றுகை வீரர்கள் இரக்கப்பட்டு வழிவிட்டார்கள். பிலிப்புக்குச் செய்தி போனதும், இனி ஒருவரையும் விடக் கூடாது என்று ஆணை வந்தது. அடுத்து வந்த கூட்டத்தின் மேல் அம்பு விழுந்தது. திரும்பி ஓடினார்கள், கோட்டைக் கதவு திறக்கவில்லை. அந்தக் கூட்டம் நானூறுக்குக் குறையாது என்பது குறைந்த கணக்கு, ஆயிரத்துக்கு மேல் என்பாரும் உண்டு. குளிர்காலத்தில், கூரையில்லாமல், புல்லையும் கோட்டையிலிருந்து விரட்டப்பட்ட நாய்களையும் தின்று அந்தச் சரிவில் கிடந்தார்கள். பிப்ரவரியில் பிலிப் வந்தபோது அவரைப் பார்த்துக் கதறினார்கள். சாப்பாடு கொடுத்து விடுவிக்கச் சொன்னார். நெடுநாள் காய்ந்த வயிற்றில் உணவு போனதும் பலர் இறந்தார்கள்.

நான் குறைந்த கணக்கை எடுத்தேன். நானூறு துணுக்குகள். மெல்லிய ஈர்க்குச்சியைப் பலகையில் வைத்து பிளேடால் 3.4 மி.மீ.க்கு ஒன்றாக நறுக்க வேண்டும். குழந்தைகளுக்கு 2 மி.மீ. நறுக்கும்போதே தெறித்து ஓடும் என்பதால் குச்சியின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்போடு சேர்த்து நறுக்கினால் வரிசையாக நிற்கும். பழுப்பு, சாம்பல், வெளிறிய நீலம் என்று தலைப்பக்கம் விட்டு உடம்புக்கு மட்டும் நிறம். ட்வீசரில் ஒவ்வொன்றாக எடுத்து நடும்போது, ஒழுங்கான இடைவெளி வராமல் பார்த்துக்கொள்வது கஷ்டம். கை தானாக வரிசை கட்டிவிடும். ஆகவே முதலில் எங்கே காற்று அடிக்காது என்று பார்த்தேன். பாறை மடிப்பு, அகழியின் அடி, சுவரின் உள்வளைவு. அங்கே ஐந்தாறு பேராக நெருக்கி நட்டேன். வெட்டவெளியில் படுத்த நிலையில் சில. கோட்டைக் கதவுக்கு நேர் முன்னால் ஒரு கொத்து. நடுக்கோபுரத்துக்கு ஆன நேரத்தைவிட இதற்கு அதிகம் ஆனது, அது சரியான கணக்கு என்றே நினைக்கிறேன். இந்த முற்றுகையைப் பற்றிப் பேசுகிறவர்கள் ரிச்சர்டின் பொறியியலையும் பிலிப்பின் பொறுமையையும் பேசிவிட்டுப் போவது எனக்குப் பல நாளாக உறுத்தல்.

கடைசியில் கழற்றி மாற்றும் துண்டுகள். அடியில் சிறு காந்தம், குன்றுக்குள் ஓர் இரும்பு வாஷர்.

முதல் துண்டு வெளிக்கோட்டையின் முனைக் கோபுரம். பிலிப்பின் ஆட்கள் மேட்டுநிலத்திலிருந்து பாதை அமைத்து வந்து, அகழியை நிரப்பினார்கள். முழுதாக நிரம்பும் முன்பே ஏணியோடு இறங்கினார்கள். ஏணி எட்டவில்லை. சுண்ணாம்புச் சரிவில் குத்துவாளைக் குத்திக் குத்தி ஏறி, கோபுரத்தின் அடியைத் தோண்டினார்கள். தோண்டிய பொந்தில் மரமுட்டுக் கொடுத்து, முட்டுக்குத் தீ வைத்தால் மேலே இருப்பது தானாக உட்காரும். ஒரு துண்டில் முழுக் கோபுரம், இன்னொன்றில் சரிந்த குவியலும் அடியில் கறுத்த பொந்தும்.

இரண்டாவது துண்டு, நடுக்கோட்டை மதிலை ஒட்டி ஜான் அரசர் பின்னாளில் சேர்த்த சிற்றாலயக் கட்டடம். போழி என்ற வீரர் தோழர் தோளில் ஏறி அதன் வழியே உள்ளே புகுந்து, கயிறு விட்டு மற்றவர்களையும் ஏற்றினார். கழிவறைத் துவாரம் வழியாக ஏறினார்கள் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். ஆலய ஜன்னல் வழியாகத்தான் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் துவாரத்தையும் மேலே ஜன்னலையும் இரண்டையும் வைத்திருக்கிறேன். மாற்றுத் துண்டில் கூரை எரிந்திருக்கும். உள்ளே புகுந்தவர்களை எரிக்க நினைத்துக் காவலர்கள் வைத்த தீ அவர்களையே உட்கோட்டைக்குள் துரத்தியது. “வெல்ல முடியாத கோட்டை கக்கூஸ் வழியாக விழுந்தது” என்று ஒரே வரியில் சொல்வது கேட்க நன்றாக இருக்கலாம். ஆனால் அப்போது வெளிக்கோட்டை விழுந்தாயிற்று, ஆற்றை இழந்து ஆறு மாதம் ஆயிற்று, காப்பாற்ற வேண்டிய அரசர் கடல் கடந்து போயாயிற்று.

மூன்றாவது துண்டு உட்கோட்டை வாசல். இங்கே அகழியை வெட்டும்போது பாறையிலேயே ஒரு பாலத்தை விட்டுவைத்திருந்தார்கள். தூக்குப்பாலம் போல இழுத்துக்கொள்ள முடியாத நிலையான பாலம். தோண்டுகிறவர்களுக்கு அது மேற்கூரையாகிவிட்டது. அதன் மறைவில் சுவரடியைக் குடைந்தார்கள். உள்ளிருந்தவர்கள் எதிர்ச்சுரங்கம் தோண்டி அவர்களைத் துரத்தினாலும், அதனாலேயே அடித்தளம் இன்னும் தளர்ந்தது. கபுலஸ் என்று பெயரிட்ட பெரிய கவண்பொறி சில கற்களை எறிந்ததும் சுவர் பிளந்தது. பாறைப் பாலத்தை ஃபோமில் செய்தால் ஒடியும் என்பதால் உள்ளே ஒரு செம்புக் கம்பி வைத்துப் புட்டி பூசினேன். 1204 மார்ச் 6. நடுக்கோபுரத்துக்குள் போய்க் கடைசிச் சண்டை போடக்கூட யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. முற்றத்திலேயே பிடிபட்டார்கள், மொத்தம் நூற்றைம்பதை ஒட்டிய எண்ணிக்கை. நான் சிரிஞ்ச் வைத்து உருவிய அந்தத் துளைக்குள் ஒரு அம்புகூட விழவில்லை. ஜூன் 24-ல் ருவான் கதவு திறந்தது.

பலகையை இப்போது அக்ரிலிக் மூடியோடு பள்ளி ஒன்றுக்கு எடுத்துப் போக வேண்டியிருக்கிறது. மூடியின் உள்பக்கம் குன்றின் உச்சியிலிருந்து 4 செ.மீ. இடைவெளி விட்டேன், காந்தத் துண்டுகளை எடுக்கக் கை போக வேண்டும் என்பதற்காக ஒரு பக்கப் பலகை மட்டும் சறுக்கித் திறக்கும். ரெசின் மஞ்சளாகாமல் இருக்க வெயில்படாத சுவரோரம் கேட்டிருக்கிறேன். மிச்சமிருப்பது ஆற்றின் மேல்பக்கக் காவல் அரண். அது இந்தப் பலகைக்கு வெளியே விழுவதால், அந்தப் பக்கத்துக்கு ஒன்றரை அடியில் ஒட்டுப்பலகை தயார் செய்து, நீரோட்டத்தின் சுழிப்புகள் இரண்டு பலகையிலும் தொடர்ந்து ஓடும்படி இணைப்பு விளிம்பை இழைத்துக்கொண்டிருக்கிறேன்.